மழையில் காய்ந்த சுவர்

கிளிஃபோர்டு நட்டால் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். தொப்பியை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டு, நின்ற இடத்திலேயே நின்று, தன் மகளைக் கொன்றவன் யார் என்று தனக்குத் தெரியும் என்றார். போலீசுக்கும் தெரியுமாம். ஆளைப் பிடித்து உள்ளே வைத்தும் ஆகிவிட்டது. ஆனால் வியாழக்கிழமை கேஸ் கோர்ட்டுக்கு வருகிறது; கையில் இருக்கும் ஆதாரம் நிற்குமா என்று போலீசுக்கே சந்தேகம். நிற்க வைக்க ஏதாவது தேடிக் கொடுங்கள் என்று எங்களிடம் வந்திருக்கிறார்.

எங்களிடம் என்றால் மேவிஸ் ஹோல்ராய்டிடம். இந்த டாட்மர்டன் ஊரில் துப்பறிகிறவர் வேறு யாரும் இல்லை; இருந்தாலும் இந்த அம்மாளிடம்தான் வருவார்கள். நான் ஆர்ச்சி பூத். இருபது வருடம் டாக்ஸி ஓட்டிவிட்டு மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்தவன். கார் ஓட்டுவேன், டீ போடுவேன், கேட்காத இடத்தில் வாயைத் திறப்பேன். மூன்றாவதற்கு மட்டும் திட்டு விழும்.

நட்டால் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் ஜனைன். அப்பாவுக்கு அடுத்த வீட்டிலேயே, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு, கணவன் டேரன் ஹெப்வொர்த்தோடும் நாலு வயது எஃபியோடும் இருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டு முடிந்து டேரன் வீடு திரும்பியபோது மனைவி படுக்கையில் சில்லிட்டுக் கிடந்தாள். பின்பக்க அறையில் கதவைச் சாத்தித் தூங்கிய குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர்கள் சொன்ன காரணம் கார்பன் மோனாக்சைடு. மூச்சுத் திணறி எரியும் நெருப்பு கக்குகிற வாயு அது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருப்பதும் கிடையாது.

வில்லங்கம் இங்கேதான். அந்த வீட்டில் நெருப்பே இல்லை. அடுப்பு, வெந்நீர், ஹீட்டர் எல்லாம் மின்சாரம். கொல்லையில் மட்டும் எரிந்த கரியோடு ஒரு பார்பிக்யூ தட்டு கிடந்தது. பிப்ரவரி மாதத்தில் எவன் கொல்லையில் உட்கார்ந்து இறைச்சி சுடுவான் என்று போலீஸ் கேட்டது. மனைவி தூங்கியதும் கரியைப் பற்ற வைத்து அறையில் வைத்துவிட்டு டேரன் வேலைக்குப் போனான், காலையில் வந்து எடுத்து வெளியே போட்டான் என்பது அவர்கள் கட்சி. அந்த வீட்டில் சில வாரங்களாக ஒரே சத்தம் என்று தெருக்காரர்களும் சொல்லிவிட்டார்கள்.

சண்டை எதைப் பற்றி என்று மேடம் கேட்டார்.

"சுவத்தைப் பத்தி," என்றார் நட்டால்.

டாக்ஸியில் எத்தனையோ குடும்பச் சண்டை கேட்டிருக்கிறேன், சுவருக்காக நடந்தது இதுதான் முதல் என்றேன்.

ஜனைன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு பழைய புகைபோக்கி சுவருக்குள் ஓடுகிறது. குளிர்காயும் நெருப்புக்கான கணப்பை எப்போதோ பலகை அடித்து மூடி, மேலே வால்பேப்பர் ஒட்டிவிட்டார்கள். இந்தக் குளிர்காலம் வந்ததும் அங்கே ஓதம் ஏறி, காப்பி கொட்டிய மாதிரி பழுப்புக் கறை வழிந்து, பேப்பர் உரிந்து தொங்கியது. மேலே கூரையில் புகைக்குழாயின் வாயை மூடினால் மழைத்தண்ணீர் இறங்காது, ஓதம் போய்விடும் என்றார் மாமனார். கீழே திறந்து காற்று விடவேண்டும் என்றான் மருமகன். இரண்டு பேரும் சமையலறையில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டார்கள். ஆக, தெரு கேட்ட சத்தத்தில் பாதி இவருடையது. அதை இவர் போலீசிடம் சொல்லவில்லை.

"அந்தக் கடைசி வாரம் அவன் சுவத்துல ஓட்டை போட்டிருக்கான். யார்கிட்டயும் சொல்லாம. எதுக்கு? அப்புறந்தான் ஓதம் இன்னும் அதிகமாச்சு. சுவரு குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வடிஞ்சுது. இப்ப அவ போனப்புறம் போய்ப் பார்த்தா, காஞ்சு கெடக்கு." தொப்பியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். "அவளுக்கு ஒரு நாள்கூட காயல."

மேடம் எழுதுவதை நிறுத்தினார். அந்த வாரம் மழை பெய்ததா என்று கேட்டார். இல்லை, கடும் உறைபனி, ஒரு சொட்டு விழவில்லை என்றார் நட்டால். அதற்குப் பிறகு? அதற்குப் பதில் நானே சொன்னேன். ஈமச்சடங்கு நாளில் பிடித்த மழை இன்னும் விடவில்லை, கால்வாயில் வாத்துகளே ஒதுங்க இடம் தேடுகின்றன.

மேடம் பேனாவை மூடினார். "மிஸ்டர் நட்டால், நான் எதைக் கண்டுபிடிச்சாலும் அது போலீசுக்குப் போகும். உங்களுக்குப் பிடிச்சாலும் சரி, பிடிக்காட்டியும் சரி. சம்மதம்னா எடுத்துக்கிறேன்."

அதற்குத்தானே வந்திருக்கிறேன் என்று சொல்லி, தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். கதவு சாத்தியதும் மேடம் என் பக்கம் திரும்பினார்.

"மழை இல்லாத வாரம் நனைஞ்ச சுவர், மழை கொட்டுற வாரம் காயுது. ஏன் ஆர்ச்சி?"

"காலண்டரைத் தலைகீழா மாட்டியிருக்கும் மேடம்."

"நீ வாயை மூடிக்கிட்டு யோசிச்சா நல்லா யோசிப்பே. பிரச்சினை முதல் பாதியிலதான்."

மறுநாள் சிறைக்குப் போனோம். டேரன் ஹெப்வொர்த்துக்கு முப்பத்து சொச்சம் இருக்கும். மாவு பிசைகிற பெரிய கைகள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசைக்கு மேலும் கீழுமாக மாற்றிக்கொண்டிருந்தான். நாங்கள் யாருடைய ஆள் என்று மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார். மாமனார் காசு கொடுத்து அனுப்பியவர்களிடம் பேசாதே என்று அவனுடைய வக்கீல் சொல்லியிருப்பார். இருந்தும் பேசினான். பேச ஆள் கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருந்தான்.

பார்பிக்யூ தட்டு ஆகஸ்டில் ஜனைன் பிறந்தநாளுக்கு வாங்கியது. குப்பையில் போடச் சோம்பேறித்தனம், அங்கேயே கிடந்தது. அதை நான் நம்பினேன். என் கொல்லையில் போன தேர்தலின்போது வாங்கிய தட்டு ஒன்று இன்னும் கிடக்கிறது. சுவரில் ஓட்டை ஏன் என்றதற்கு, புகைபோக்கி மூச்சு விடுவதற்கு என்றான். கூட வேலை செய்கிற ஒருவன் சொன்னானாம். நெருப்பு எரியாத புகைபோக்கி சும்மா கிடப்பதில்லை, கீழே அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்த செங்கல்லில் பட்டு வியர்த்து, பழைய கரியை நனைத்து, அதைச் சுவர் வழியாகக் கசிய விடும். அதனால் ஒரு சனிக்கிழமை ஒற்றைச் செங்கல் அளவுக்கு வெட்டி, கம்பிச் சல்லடை ஒன்றைப் பொருத்தினான். ஆனால் சுவர் காயாமல் முன்னைவிட மோசமாக வடிந்தது. அவனுக்கே புரியவில்லை.

அந்த ஓட்டைக்குப் பிறகு வேறு ஏதாவது மாற்றம் இருந்ததா, எவ்வளவு அற்பமானாலும் சரி, என்று மேடம் கேட்டார்.

"கிளிஃபோட டிவி," என்றான். "அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல. ஓட்டை போட்டதும் எங்க ரூமுக்குள்ளயே ஓடுற மாதிரி கேட்டுச்சு. ஜனைன் சிரிச்சா. காத்து வரும்னு சொன்னே, எங்கப்பாவைக் கொண்டாந்து விட்டுட்டியேன்னா."

மாமனாரின் டிவி படுக்கையறையில் கேட்டால் விவாகரத்தே வாங்கலாமே என்று என் வாயில் வந்தது. சொல்லவில்லை. சிரித்தது யார் என்று நினைவு வந்து வாய் தானாகவே அடங்கிவிட்டது.

அந்த வாரம் அவளுக்குத் தலைவலி, குமட்டல் என்றும் சொன்னான். ஃப்ளூ என்று நினைத்தார்கள். கிளிஃபுக்கும் அதே தொந்தரவு இருந்ததாம். பகலில் தூங்கி இரவில் வேலைக்குப் போகிற டேரனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. போலீஸ் அதையும் அவன் கணக்கில் எழுதிக்கொண்டது.

நாங்கள் எழுந்தபோது அவனும் எழுந்தான். "எஃபி இப்ப மூரியல் அத்தை வீட்ல இருக்கா. கிளிஃபோட தங்கச்சி. அவங்க என்னைப் பத்தி என்ன சொல்லி வெச்சிருக்காங்கன்னு தெரியல. நான் உள்ள போயிட்டா பெரியவளா ஆகுற வரைக்கும் அதைத்தான் கேட்டு வளருவா. அம்மாவைக் கொன்னது அப்பன்னு." அவன் அழவில்லை. அதைப் பார்ப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வழியில் காரை நிறுத்தி மேடத்துக்கு இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியும் மசித்த பட்டாணியும் வாங்கிக் கொடுத்தேன். முள்கரண்டியால் பட்டாணியைக் கிளறிக்கொண்டே இருந்தார். அவன் செய்யவில்லை என்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன். நினைப்பதைப் பற்றிப் பேச்சில்லை, யாரோ அந்தப் புகைபோக்கிக்குள் நெருப்பின் மூச்சை விட்டிருக்கிறார்கள், யார் என்பதுதான் பேச்சு என்றார்.

"கேஸ் எரிஞ்சா தண்ணி வரும், தெரியுமா? நெருப்புல இருந்து தண்ணி. கண்ணுக்குத் தெரியாத ஆவியாப் போகும். ராத்திரி முழுக்க ஒரு கேஸ் கணப்பு எரிஞ்சா கெட்டில் கெட்டிலா தண்ணி மேல போகுது. அது குளிர்ந்த செங்கல்லைத் தொட்டா என்ன ஆகும்?"

"வடியும்."

"உறைபனி வாரத்துல கணப்பை எல்லாரும் கூட்டி வெப்பாங்க. அந்தச் சுவர் மழைக்கு நனையல ஆர்ச்சி. எவனோ குளிர் காஞ்சதுக்கு நனைஞ்சுது."

டேரன் வீட்டில் கேஸ் இல்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒரே வீடுதான். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கிழவர் தன் சொந்த மகளை எதற்குக் கொல்ல வேண்டும் என்று கேட்டேன். கொன்றார் என்று யார் சொன்னது, வண்டியை எடு என்றார் மேடம்.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. நட்டாலின் கணப்புக்கென்று தனிக் குழாய் இருக்கிறது. அவர் நெருப்பின் புகை அதன் வழியே மேலே போக வேண்டும். அதை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக் குழாய்க்குள் அது ஏன் நுழைந்தது?

புதன்கிழமை காலை அந்த வரிசை வீடுகளுக்குப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. நட்டால் அப்போதுதான் வந்து கதவைத் திறந்திருந்தார். மகள் செத்த காலையில் தங்கை மூரியல் வீட்டுக்குப் போனவர், அதற்குப் பிறகு இங்கே ஓர் இரவுகூடத் தங்கவில்லை. வீடு குளிர்ந்து விறைத்துக் கிடந்தது. எங்களுக்குக் கொஞ்சம் சூடாக இருக்கட்டும் என்று சொல்லி, முட்டி மடக்கிக் குனிந்து, முன்னறை கேஸ் கணப்பின் திருகில் கை வைத்தார்.

"வேண்டாம், மிஸ்டர் நட்டால்."

மேடம் அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. கிழவர் திகைத்துப்போய் நிமிர்ந்தார். மேடம் நேராக மீட்டர் அலமாரிக்குப் போய் கேஸ் குழாயை அடைத்துவிட்டு வந்தார். காரணம் பிறகு சொல்கிறேன், கோட்டைக் கழற்றாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் இந்தக் கணப்பு எரிந்ததா என்று கேட்டதற்கு, எரியாமல் எப்படி, ராத்திரியெல்லாம் சின்னதாக எரிய விட்டிருந்தேன், இல்லையென்றால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்துவிடுமே என்றார். இங்கே எல்லார் வீட்டிலும் அதுதான் வழக்கம். அவர் படுப்பது மாடியில் பின்பக்கம், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு. அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் நாங்கள் இரண்டு பேருடைய சாவை விசாரித்துக்கொண்டிருப்போம்.

அடுத்த வீட்டு மாடிக்குப் போனோம். மெத்தையைப் போலீஸ் எடுத்துப் போயிருந்தது, கட்டில் மட்டும் நின்றது. தலைமாட்டுச் சுவரில் பழுப்புக் கறை, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து, உலர்ந்து கிடந்தது. வெளியே மழை சொட்டும் சத்தம் கேட்டது. மேடம் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். சல்லடைக்கு அருகே மூக்கை வைத்து முகர்ந்தார். பிறகு, கீழே போய் உங்கள் டிவியைப் போட்டுவிட்டு வாருங்கள் என்று நட்டாலிடம் சொன்னார்.

அவர் போனார். கொஞ்ச நேரத்தில் சல்லடைக்குள்ளிருந்து ஒரு பெண் கேரட் நறுக்குவது எப்படி என்று சொல்லத் தொடங்கினாள்.

சுவருக்குள் ஓடும் இரு வீட்டுக் குழாய்களுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் தடுப்பு. வருடக்கணக்காக நனைந்த கரி சும்மா இருக்காது, காரையை அரித்து எடுத்துவிடும். எங்கேயோ செங்கல் விழுந்து வழி திறந்திருக்கிறது. டிவி சத்தம் வருகிற வழியில் விஷமும் வரும் என்று மேடம் தணிந்த குரலில் எனக்கு மட்டும் சொன்னார். "ஆனா அது பாட்டுக்கு மேல போயிருக்கணும். சூடான புகை நேர் வழியை விட்டுட்டு ஓட்டைக்குள்ள நுழையாது. நேர் வழி அடைச்சிருந்தா ஒழிய."

நட்டால் மூச்சு வாங்க மேலே வந்தார். புகைபோக்கியின் மேற்பகுதியை யாராவது தொட்டார்களா என்று மேடம் கேட்டார்.

கேட்டதும் அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு பெருமை தெரிந்தது. நான்தான் தொட்டேன் என்றார். மருமகன் காற்று, மூச்சு என்று உளறிக்கொண்டிருந்தானே தவிர உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. ஆகவே அந்த உறைபனி வாரம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை அவன் தூங்கும் நேரத்தில் பின்பக்கம் ஏணி போட்டுக் கூரையில் ஏறி, மகள் அறைக் குழாயின் வாயில் கற்பலகை வைத்துச் சிமென்டால் பூசினார். காற்றுகூடப் புகாத பூச்சு. அன்று தங்கை வீட்டு விருந்துக்குக் கிளம்ப வேண்டும் என்று காலையிலேயே தன் கணப்பை அணைத்திருந்தார். அதனால் எது யாருடையது என்று காட்டிக்கொடுக்க எந்தக் குழாயும் சூடாக இல்லை.

"மழை போற வழியை நான் அடைச்சேன். அப்புறமும் நனைஞ்சுதுன்னா அது அவன் போட்ட ஓட்டையாலதானே? அதைத்தான் சொல்றேன். எல்லாம் திட்டம் போட்டுப் பண்ணிருக்கான்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் முகம் எனக்குத் தெரிந்தது, கிழவருக்குத் தெரியவில்லை. எந்தக் குழாய் யாருடையது என்று எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று கேட்டார்.

இது என்ன கேள்வி என்று நட்டால் எங்களைத் தெருவுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கூரை உச்சியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகச் செங்கல்லில் கட்டிய ஒரே புகைபோக்கி மேடை. அதன்மேல் வரிசையாக நாலு மண்குழாய். இடப்பக்கம் இரண்டும் அவருடையவை, வலப்பக்கம் இரண்டும் மகளுடையவை. மூன்றாவதன் தலையில் கற்பலகை தெரிந்தது. அது மகளின் அறை. அதை ஒட்டி, இரண்டாவது, இவருடைய கணப்பு. பிறந்ததிலிருந்து இதே வீடு, எனக்குத் தெரியாதா என்றார்.

புகைபோக்கி துடைக்கும் பிரஷ் இருக்கிறதா என்று மேடம் கேட்டார். நட்டாலின் கொட்டகையில் இல்லாத சாமான் கிடையாது. ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கும் கழிகளும் வட்டப் பிரஷும் தூசி தட்டி வெளியே வந்தன. நான் வாங்கிக்கொள்ளப் போனேன். மேடம் விடவில்லை. நீங்கள் இரண்டு பேரும் தெருவில் நில்லுங்கள், நான் ஜனைன் அறைச் சல்லடையைக் கழற்றி அந்த ஓட்டை வழியே தள்ளுகிறேன், பிரஷ் வெளியே வந்தால் கத்துங்கள் என்றார்.

இந்தப் பக்கம் வளர்ந்த எல்லாருக்கும் அந்த வேலை தெரியும். வீட்டில் புகைபோக்கி துடைக்கிற அன்று பிள்ளைகளைத் தெருவுக்கு விரட்டுவார்கள், பிரஷ் தலை காட்டியதும் கத்த வேண்டும். நட்டால் மழையில் அண்ணாந்து நின்றுகொண்டு, சின்ன வயதில் ஜனைன் கத்தினால் தெருக்கோடி வரை கேட்கும் என்றார். மூடி போட்ட குழாய்க்குள் தள்ளி என்ன பிரயோசனம், பலகையில் போய் முட்டத்தான் போகிறது, உங்கள் மேடத்துக்கு இதுகூடத் தெரியாதா தம்பி என்றும் கேட்டார். அவங்களுக்குத் தெரியாமல் இருந்தால் எனக்கு ரொம்ப சந்தோஷம் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

சுவருக்குள் கழிகள் உரசும் சத்தம் மெல்ல மேலே ஏறியது. ஓர் இடத்தில் திணறி நின்றது, திரும்ப ஏறியது. பிறகு கூரை உச்சியில் கொஞ்சம் கரித்தூள் பறந்தது. ஈரக் கரியோடு பிரஷ் வெளியே வந்து மழையில் ஆடியது.

இரண்டாவது குழாயிலிருந்து.

நான் கத்தவில்லை. கிழவரும் கத்தவில்லை. பிரஷ் போய்விட்டு மறுபடி வந்தது. அதே குழாய்.

"அது என்னுது," என்றார் நட்டால். கையை நீட்டிக் காட்டினார், நான் தப்பாகப் பார்க்கிறேன் என்பது போல. "அது என்னுது தம்பி. என் கணப்போடது."

அவர் கை அப்படியே நின்றது. கொத்தனார் எவனோ பரணில் ஒரு உத்தரத்தைச் சுற்றிக் குழாய்களை வளைத்துக் கட்டியிருக்கிறான். அதில் இரண்டும் இடம் மாறி மேலே வந்திருக்கின்றன. கீழே கணப்பு எங்கே இருக்கிறதோ மேலே குழாயும் அங்கேதான் இருக்கும் என்று எல்லாரையும் போலத்தான் அவரும் நினைத்தார். அதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. மெக்கானிக் அவர். அடைத்த குழாய் எது, எரிந்த நெருப்பு எது, அது எங்கே போயிருக்கும் என்று அவரே ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு போவது முகத்தில் தெரிந்தது. நடுவில் எங்கேயாவது அறுந்துவிடாதா என்று நான் கடவுளைக் கேட்டுக்கொண்டேன். அறுந்துவிடவில்லை.

மேடம் முழங்கை வரைக்கும் கரியோடு வெளியே வந்தார். நட்டாலின் எதிரில் வந்து நின்றார்.

"நெருப்பு எரியாத புகைபோக்கிக்கு ரெண்டும் வேணும். மேல மழைக்கு மறைப்பு, கீழ மூச்சுக்கு வழி. நீங்க சொன்னதும் சரி, அவர் சொன்னதும் சரி. ஆளுக்குப் பாதி தெரிஞ்சிருந்துது. உங்க கணப்போட வாயை அடைச்சுட்டீங்க. அந்தப் புகை உடைஞ்ச தடுப்பு வழியா ஜனைன் குழாய்க்குப் போயிடுச்சு. உறைபனியில அந்தக் குழாய் பூரா குளிர்ந்து கெடந்ததால மேல ஏறாம கீழ இறங்கிச்சு. கீழ புதுசா ஒரு ஓட்டை இருந்துச்சு."

போலீஸ் வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவியோடு வந்து பார்த்தபோது ஒன்றும் அகப்படாததற்கும் காரணம் அதுவே. நட்டால் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார், கணப்பு அணைந்துவிட்டது, டேரன் திறந்துவிட்ட காற்றில் சுவரும் காய்ந்துவிட்டது.

அவர் கண் இன்னும் அந்தக் குழாயில்தான் இருந்தது. "என் பொண்ணைக் கொன்னது யாருன்னு காட்டுங்கன்னுதானே உங்ககிட்ட வந்தேன்," என்றார். "காட்டிட்டீங்க."

போலீசிடம் நான் பேசட்டுமா என்று மேடம் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அவரே உள்ளே போய்ப் போனை எடுத்தார். பெயர், விலாசம், எந்தக் குழாய், எந்த நாள், எந்தக் கணப்பு என்று ஒன்று விடாமல் சொன்னார். சமையலறைச் சண்டையில் கத்தியது தானும்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னார். மாலைக்குள் கேஸ் துறை ஆட்கள் வந்து நட்டாலின் கணப்பில் புகை விட்டுப் பார்த்தார்கள். ஓட்டை வழியாக அது ஜனைனின் அறையில் நிரம்பியது.

வியாழக்கிழமை கோர்ட்டில் நாங்கள் உட்கார்ந்த பெஞ்சு சூடாவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அரசுத் தரப்பு எழுந்து வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நட்டாலை என்ன செய்வதென்று போலீஸ் இன்னும் முடிவு செய்யவில்லை. யாருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.

அவர் கோர்ட்டுக்குள் வரவில்லை. வெளியே படிக்கட்டில், குடை இல்லாமல் நின்றிருந்தார். டேரன் வெளியே வந்ததும் பார்த்தான். நான் ஓர் அடி முன்னால் போனேன், அடிதடி ஆகிவிடக் கூடாது என்று. மேடம் என் கோட்டைப் பிடித்து நிறுத்தினார்.

டேரன் இறங்கி வந்து அவருக்கு எதிரில் நின்றான். கிழவர் வாயைத் திறந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் முயன்றார் என்று நினைக்கிறேன்.

"சுவத்தை வெட்டினது நான், கிளிஃப்," என்றான் டேரன். "அதை வெட்டாம இருந்திருந்தா அது அவகிட்ட வந்திருக்காது."

நட்டால் தலையைக் குனிந்துகொண்டார்.

"கூரையில ஏறினேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும்தான் சொல்லல. சொல்லணும்னுதான் இருந்தேன். ஜனைன்தான் வேண்டாம்னா. அப்பாவுக்குத் தெரிஞ்சா மறுபடி சத்தம் போடுவாரு, காஞ்சப்புறம் நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்னா."

கிழவர் நிமிர்ந்தார். மேடத்தின் பிடி என் கோட்டில் இறுகியது.

"என்கிட்டயும் அதையேதான் சொன்னா," என்றார் நட்டால். "டேரனுக்குத் தெரிய வேண்டாம்ப்பா, காஞ்சப்புறம் நானே சொல்லிக்கிறேன்னா. ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே அவதான்."